அக்காவும் வாரம் ஒரு மாத்திரையும்

முடக்குவாதத்தை வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தோடு குழப்பக் கூடாது என்று மூட்டு நோய் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். மியான்மரின் யாங்கோன் நகரில் என் அக்காவுக்கு இது 34 வயதிலேயே வந்தது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு கை விரல்களும் மடங்காது. முகத்தில் பூசுகிற தனக்கா கட்டையைக் கல்லில் அரைக்கக்கூட முடியாது. "வாயு, உருளைக்கிழங்கை நிறுத்து" என்றார்கள் சொந்தக்காரர்கள். தைலம் தேய்த்தே இரண்டு வருடம் போய்விட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய்க்குத் தைலம் என்ன செய்யும்?

அந்தக் கட்டுரை ஒரு விஷயத்தை விட்டுவிட்டது. இதற்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். அக்கா தினமும் போடப் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் தடுத்தார். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. அப்புறம்தான் வீட்டுக் காலண்டரில் புதன்கிழமைகளுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்தோம்.