எலும்புக்கு ஆலிவ் எண்ணெய்: ஃபார்வர்டில் விடுபட்டது

ஆலிவ் எண்ணெய் எலும்பை வலுவாக்கும் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டி யாராவது அடித்துச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஆலிவ் எண்ணெய்?

விஷயம் முழுப் பொய்யில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒருவகை ஸ்டெம் செல், எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்பு செல்லாகவும் மாறலாம். வயது ஏற ஏற கொழுப்புப் பக்கம் சாய்வது கூடுகிறது. ஸ்பெயினில் கோர்டோபா ஆய்வாளர்கள் ஆலிவின் கசப்புக்குக் காரணமான ஓலியூரோபீனை (ஃபீனால் என்ற தாவர வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது) இந்த செல்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்புப் பக்கம் போனவை கூடின, கொழுப்புப் பக்கம் போனவை குறைந்தன. படித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அதெல்லாம் ஆய்வகத் தட்டில் நடந்தது. ஸ்பெயினின் இன்னொரு நகரான கிரனடாவில் இதேபோன்ற சோதனைகளுக்குப் பயன்பட்ட எம்ஜி-63 செல்கள், எலும்புப் புற்றுக் கட்டியிலிருந்து வளர்த்தவை! தட்டில் ஃபீனால் நேராக செல்லைத் தொடுகிறது. சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் அதை உருமாற்றிய பிறகுதான் ரத்தத்துக்கு வரும், அதுவும் கொஞ்சூண்டு.

சரி, மனிதர்களிடம்? மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சோதித்த, ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில், ரேயுஸ் நகரில் 870 பேரை ஏறக்குறைய 9 ஆண்டுகள் கவனித்தார்கள். 114 பேருக்கு எலும்பு முறிந்தது. எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயை (சுத்திகரிக்காமல், ஆலிவைப் பிழிந்து எடுப்பது) அதிகம் சாப்பிட்ட மூன்றிலொரு பங்கினருக்கு, குறைவாகச் சாப்பிட்ட மூன்றிலொரு பங்கினரைவிட முறிவு அபாயம் 51 சதவீதம் குறைவு. ஃபார்வர்டு செய்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆய்வில் பரிந்துரைத்த உணவுமுறைகளின்படி குழுக்களை ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயான சாதாரண ஆலிவ் எண்ணெய்க்கும் முறிவுக்கும் தொடர்பே காணோம்.

நம் ஊர்க் கடைகளுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். சுத்திகரித்தால் ஃபீனால்களில் பெரும்பகுதி போய்விடும். பொரிக்க, வறுக்க என்று இங்கே விற்கும் 'போமேஸ்', பிழிந்த சக்கையில் மிச்சமிருப்பதைக் கரைப்பான் கொண்டு எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் வர்ஜின் கலந்தது. எலும்புக்காக என்று அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே என் கட்சி.

ருசிக்காக எக்ஸ்ட்ரா வர்ஜின் வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் விட்டால் தொண்டை லேசாகக் காந்த வேண்டும்; அது ஓலியோகேந்தல் என்ற ஃபீனாலின் வேலை. அப்புறம், எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால், அதை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறிவிடாதீர்கள்.