சேற்றைச் சுற்றி ஓடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஈடேல் வந்திறங்கி, கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின் மீது ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சென்ற ஓட்டக் குழுவினர் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் பாதையை விட்டு விலகினார்கள். பாதையின் நடுவே கணுக்கால் ஆழத்துக்குக் கறுஞ்சேறு தேங்கியிருந்தது, அவ்வளவுதான். முதலாமவர் அதன் ஓரத்தில் காலை வைத்தார். அடுத்தவர் அந்த ஓரமும் நசநசவென்று இருப்பதைக் கண்டு இன்னும் ஓரடி தள்ளிப் போனார். ஒன்பதாமவர் ஹெதர் புதரையே மிதித்துக்கொண்டு போனார். அவர்கள் கடந்தபின் நின்று பார்த்தேன். ஒற்றையடிப் பாதையாக இருந்திருக்க வேண்டிய அந்த இடம், ஒரு லாரி திரும்பக்கூடிய அகலத்துக்கு வெறும் கறுப்பு மண்ணாகக் கிடந்தது.

இதை எழுதும் எனக்கும் அந்தப் பழக்கம் மூன்று ஆண்டுகள் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காலுறை நனைந்துவிட்டால் கொப்புளம் வரும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, குட்டையைக் கண்டால் புல்லில் ஏறி ஓடியவன்தான் நான். இப்போது நேர் நடுவே இறங்கி ஓடுகிறேன். அப்படித்தான் எல்லோரும் ஓட வேண்டும் என்பதும், அதற்கு மனமில்லாதவர்கள் நகரத்துப் பூங்காவிலேயே ஓடலாம் என்பதும் என் கருத்து. கடுமையாகத் தோன்றலாம், காரணம் சொல்கிறேன்.

அந்தக் கறுஞ்சேறு சாதாரணச் சேறு அன்று. பீட் என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் நீர் நின்று காற்றுப் புகாத நிலத்தில் பாசியும் செடிகளும் முழுதாக மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகும் மண் அது. சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே அது வளர்கிறது என்பார்கள். அப்படியானால் நம் முழங்கால் வரை இழுக்கும் அரை மீட்டர் ஆழம் சேர ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். மேலே போர்த்தியிருக்கும் செடிகளை நாம் மிதித்து அழித்துவிட்டால், மழை அதை அரித்துக்கொண்டு போகும், வெயிலில் உலர்ந்து தூளாகிக் காற்றிலும் பறக்கும். கிண்டரிலும் அதன் வடக்கே பிளீக்லோவிலும் தொழிற்சாலைப் புகையாலும் தீயாலும் மேய்ச்சலாலும் இப்படி மொட்டையான நிலத்தை, 2003 முதல் ஒரு கூட்டுத் திட்டத்தின் கீழ்ப் பாசிக் கன்றுகளைக் கையால் நட்டும், அரித்த ஓடைகளுக்குக் குறுக்கே சிறு தடுப்புகள் போட்டும் மீட்டு வருகிறார்கள். மொட்டை மண்ணை மூடிக் காக்க ஹெலிகாப்டரில் கொண்டுவந்து கொட்டிய ஹெதர்ச் சருகின் மேலேயே ஓர் ஓட்டக்காரர் தன் காலணியைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மண்ணைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்க, அந்த மேட்டில் கால் வைக்கும் உரிமையே எப்படி வந்தது என்பதை நம் ஓட்டக்காரர்களில் பலர் அறிவதில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். 1932 ஏப்ரல் 24 அன்று, ஹேஃபீல்டுக்கு அருகில் ஒரு கல்குவாரியில் கூடிய சில நூறு இளைஞர்கள், அவர்களில் பெரும்பாலோர் மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள், கிண்டரின் மீது வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அது டெவன்ஷயர் டியூக்கின் நிலம். ஆண்டில் சில நாட்கள் கிரவுஸ் பறவைகளைச் சுடுவதற்காக, மீதி நாட்களிலும் காவலாட்களை நிறுத்திப் பொதுமக்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். அத்துமீறி நுழைவது அன்றைய சட்டப்படி குற்றவழக்கே அன்று. ஆகவே காவலாட்களோடு நடந்த கைகலப்பைக் காரணம் காட்டி, கலவரம் செய்யக் கூடியதாகவும் தாக்கியதாகவும் வழக்குத் தொடுத்து ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு நான்கு மாதச் சிறை. அவருக்கு அப்போது வயது இருபது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002இல் நடந்த நினைவு நிகழ்ச்சியில், அன்றைய டியூக் அங்கு வந்து தம் தாத்தா செய்தது பெரும் தவறு என்று வருத்தம் தெரிவித்தார்.

அதே 1932இல், ஏழு வாரங்கள் கழித்து, வடக்கே ஏரி மாவட்டத்தில் வேறொன்று நடந்தது. கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம், ஜூன் 13 அன்று ஊர் மண்டபத்தின் வாசலிலிருந்து புறப்பட்டு, 42 மலையுச்சிகளை ஏறி இறங்கி, 24 மணி நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அதே வாசலுக்குத் திரும்பினார். சுமார் 106 கிலோமீட்டர். ஏற்றம் மட்டுமே 8,000 மீட்டருக்கு மேல். காலில் கான்வாஸ் காலணி. இன்று உலகெங்கிலுமிருந்து ஓட்டக்காரர்கள் தேடி வரும் சுற்று அதுதான். கட்டணம் கிடையாது, அம்புக்குறி கிடையாது, பதக்கமும் கிடையாது. ஒவ்வோர் உச்சியிலும் உடன் வந்து பார்த்த சாட்சி ஒருவர் போதும். கிரகாமுக்கு நிலச்சொந்தக்காரர் எவருடைய காவலாளும் குறுக்கே நிற்கவில்லை. அங்குள்ள மேடுகள் வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களாக இருந்தன. ஏறுவோரைத் தடுக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. அவர் ஏறிய உச்சிகளில் ஸ்கஃபெல் பைக்கும் கிரேட் கேபிளும், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1919இலும் 1923இலும், பொதுமக்களுக்காக நிலங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்கு (நேஷனல் டிரஸ்ட்) வழங்கப்பட்டவை. ஒரே நாடு, ஒரே கோடைக்காலம். ஓரிடத்தில் மேட்டில் ஏறியவர் ஊர்ப் பெருமை ஆனார், இன்னோரிடத்தில் ஏறியவர்கள் சிறைக்குப் போனார்கள்.

கிண்டர் சம்பவத்தால் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை செல்லும் பென்னைன் வே என்ற 268 மைல் நெடும்பாதையை 1935இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் டாம் ஸ்டீவன்சன் முன்வைத்தார். அது திறக்கப்பட்டது 1965 ஏப்ரல் 24 அன்று. தேதியைக் கவனியுங்கள். மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம், ஓடலாம் என்ற சட்டம் வந்ததோ 2000ஆம் ஆண்டில்தான். அதுவும் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 விழுக்காட்டுக்கே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த சட்டம் கிட்டத்தட்ட எல்லா நிலத்தையும் திறந்துவிட்டது. எல்லையைத் தாண்டியதும் நம் கால்களுக்கு உரிமை கூடிவிடுவது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பென்னைன் வேயின் பீட் பகுதிகளில் இன்று பெரிய பெரிய கற்பலகைகள் பாவியிருக்கும். ஓடும்போது சற்று நின்று குனிந்து பாருங்கள்: சில பலகைகளில் வட்டத் துளைகளும், இரும்பு பதித்திருந்த தடங்களும் தெரியும். அவற்றில் பல, இடிக்கப்பட்ட லங்காஷயர் பஞ்சாலைகளின் தரைக்கற்கள். வாரம் ஆறு நாள் அந்தக் கற்களின் மேல் நின்று வேலை பார்த்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறிப் பார்க்கக் கிடைக்காதா என்று ஏங்க வைத்த மேடு இது. இப்போது அதே கற்கள் மேட்டின் மேல் பாதையாகக் கிடக்கின்றன. மழையில் வழுக்கும் என்று சொல்லி, அவற்றை விட்டு அருகிலுள்ள பாசியில் ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏரிக்கரைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கெஸ்விக்கிலிருந்து கிராஸ்மியர் போகும் சாலையை ஒட்டிய தேர்ல்மியரை ஏரி என்கிறோம். அது மான்செஸ்டர் மாநகராட்சி அணை கட்டி மட்டத்தை உயர்த்திய நீர்த்தேக்கம். 1894 முதல் அந்த நீர் ஏறத்தாழ 96 மைல் தூரம், எந்த எந்திர இறைப்பும் இல்லாமல், வெறும் சரிவின் பலத்தாலேயே மான்செஸ்டருக்கு வருகிறது. பாப் கிரகாம் சுற்று ஓடுபவர்கள் சாலையைக் கடக்கும் டன்மெயில் கணவாயில், அவர்களின் காலுக்கடியில் உள்ள சுரங்கத்தின் வழியேதான் அது போகிறது. என் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் ஒரு பங்கை நான் ஓடித் தாண்டுகிறேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "குடிக்கிற தண்ணியில சேத்துக் காலோட நிக்காதடா" என்றார். கிழக்கே ஹாஸ்வாட்டரில் 1930களில் மார்டேல் என்ற ஊரே மூழ்கியது. கல்லறையிலிருந்த உடல்களையும் தோண்டி எடுத்து ஷாப் என்ற பக்கத்து ஊரில் புதைத்தார்கள். மழை பொய்த்த கோடையில் கரைப்பாதையில் ஓடினால் ஊரின் கற்சுவர்கள் வெளியே தெரியும்.

இவ்வளவு சேதம் என்றால் ஓட்டக்காரர்களுக்கு அனுமதிச்சீட்டு வைத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டம் வந்தால் பறவைகள் கலையும் என்பதைத்தான் 1932இலும் சொன்னார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குறுங்கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது நியாயமான விதி, அதைக் கடைப்பிடித்தால் போதும். ஆனால் வாயிலில் ஒருவரை உட்கார வைத்துவிட்டால், அவர் நாளை யாரை உள்ளே விடுவார் என்பது நம் கையில் இருக்காது. வேலியை நிலத்தைச் சுற்றிப் போடுவதைவிட, நம் காலைச் சற்றுக் கட்டுப்படுத்திக்கொள்வது எளிது.

ஏரி மாவட்டத்தில் பாதைகளைச் செப்பனிடும் ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள், மலைப்பாதையின் குறுக்கே போட்டிருக்கும் கல் வடிகால்களில் அடைத்திருக்கும் கல்லையும் மண்ணையும் வாரி எடுக்க ஆண்டு முழுவதும் ஏறுகிறார்கள். வடிகால் அடைத்தால் மழைநீர் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். பாதை ஓடையானால் மக்கள் புல்லில் ஏறுவார்கள். மீதியை மேலே சொல்லிவிட்டேன். சென்ற இலையுதிர்காலத்தில் நானும் ஒரு நாள் போயிருந்தேன். நான்கு மணி நேரம் மண்வெட்டியோடு குனிந்து நின்றதில் முப்பத்தொரு வடிகால்கள் தேறின. அதற்குப் பிறகு மூன்று நாட்கள் ஓட முடியவில்லை, இடுப்பு அப்படி வலித்தது. அதே சரிவில் நான் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் பத்து நிமிடம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி போகிறேன். விடியற்காலை ஆறு மணிக்கு மான்செஸ்டரிலிருந்து கிளம்பும் என் காரில் மூன்று இடம் காலியாக இருக்கிறது. மண்வெட்டி அங்கே தருவார்கள். கையுறை, மழைச்சட்டை, மதிய உணவு நீங்கள் கொண்டுவர வேண்டும். புதுக் காலணி வேண்டாம்.