பதினான்கு பல்லிகள்

அக்கா மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அவனுடைய தமிழ் நோட்டைப் புரட்டினேன். ‘பள்ளி’யைத் தப்பாக எழுதினானாம், இருபது தடவை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆறு வரி பள்ளி. ஏழாவது பல்லி. அங்கிருந்து கடைசி வரை பதினான்கும் பல்லிதான். கீழே சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’.

கவனம் இல்லாமல் இல்லை. மேல் வரியைப் பார்த்து ஒழுங்காகப் படம் வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் கற்றல் குறைபாடு, என்று போன வருடமே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். இம்போசிஷன் இந்தப் பிள்ளைகளுக்குக் கைவலியைத் தவிர எதையும் தராது என்பது என் கட்சி.

இது கண் கோளாறும் இல்லை, மந்தபுத்தியும் இல்லை. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், ஆனால் பெர்சி என்ற தன் பெயரையே ‘ப்ரெசி’ என்று எழுதுவான். பாடத்தை வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்றாராம் அவன் வாத்தியார். எங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான், கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். சொல்லிலுள்ள சத்தங்களைப் பிரித்து எழுத்தோடு கட்டுவதுதான் சிக்கல்.

“தமிழ்தானே, சொல்வதை அப்படியே எழுதினால் போச்சு” என்பவர்களுக்கு: கடல், தங்கம், மகன் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ஒரே ‘க’, மூன்று சத்தம்.

இப்போது வீட்டில் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். சத்தத்துக்கு ஒரு கொட்டை. ப, ள், ளி. ‘ள்’ வரும்போது நாக்கு மேலே மடிகிறதா என்று விரலை வைத்துத் தொட்டுப் பார்ப்பான் (எச்சில்தான், கழுவிக்கொள்ளலாம்). அப்புறம் அரிசித் தட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவான். ஒரு நாளைக்கு மூன்றே சொல். காது, வாய், கை, கண் எல்லாம் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். நிதானமாகத்தான் நகர்கிறது, ஆனால் நகர்கிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் அடக்கம். சான்றிதழ் வாங்கினால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். அக்காதான் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்று இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ‘கொக்கு’. ஒற்றைக்கொம்பு போட்டுவிட்டு விரலை எடுக்காமல் கேட்டான்: “சித்தி, ‘க்’தானே முதல்ல வருது? கொம்பை ஏன் முன்னாடியே போடணும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நல்ல கேள்விடா என்றேன்.