வளாக மீட்புக் குழு பிளாஸ்திரி ஒட்டும் குழு அல்ல

"பல்கலைக்கழகத் தன்னார்வ அவசரக் குழு என்றால் 20 மணி நேரப் பயிற்சி எடுத்து பிளாஸ்திரி ஒட்டுபவர்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அவர் சொல்வது செர்ட் (CERT) எனப்படும் சமூக அவசர உதவிக் குழுப் பயிற்சி. 1985-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்காகத் தொடங்கியது அது. பேரிடரில் உதவி வந்து சேரும்வரை சமாளிப்பதற்கானது. பயனுள்ளதுதான்.

ஆனால் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக மாணவர் மீட்புக் குழு வேறு. 1969 முதல் இயங்குகிறது. ஆம்புலன்ஸை ஓட்டுவதும் மாணவர்களே. நோயாளியைக் கவனிக்க மாநிலச் சான்று வேண்டும், அதற்கான பயிற்சியே நூறு மணி நேரத்தைத் தாண்டும். சம்பளம் கிடையாது. 2007 ஏப்ரல் 16-ல் அந்த வளாகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 32 பேர் கொல்லப்பட்டார்களே, அன்று முதலில் விடுதிக்கும் அப்புறம் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்துக்கும் ஓடி, கூடப் படித்தவர்களுக்கே சிகிச்சை கொடுத்தது இந்தப் பிள்ளைகள்தான். அவர்களைப் பிளாஸ்திரி ஒட்டுபவர்கள் என்பது பெரிய அநியாயம்.