பத்திரத்தில் நஷ்டமே வராதா?
"அரசு கடன் பத்திரம் வாங்கினால் நஷ்டத்துக்கே இடமில்லை" என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வருவது பாதிதான் சரி. இது அரசு நம்மிடம் கடன் வாங்கி வட்டி தரும் பத்திரம். முதிர்வு வரை, அதாவது பத்திரத்தின் காலம் முடியும் வரை, வைத்திருந்தால் போட்ட பணம் திரும்ப வரும், சரி. நடுவில் விற்க நேர்ந்தால்? 5 சதவீத வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரத்தை 100-க்கு வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 7 ஆக ஏறினால், அதற்குச் சுமார் 86தான் கிடைக்கும். புதிதாக 7 கிடைக்கும்போது உங்கள் 5-ஐ யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? இதுவே 2 ஆண்டுப் பத்திரம் என்றால் 96 வரை தேறும். காலம் நீண்டால் விலை அதிகம் இறங்கும் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க ஆரம்பித்ததும் விலை இறங்கிய பத்திரங்களை நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. நானும் அவசரத்துக்கென ஒதுக்கிய பணத்தை 'பத்திரம்தானே, பத்திரமாக இருக்கும்' என்று நீண்டகாலப் பத்திர ஃபண்டில் (பலரின் பணத்தைச் சேர்த்துப் பத்திரங்களில் போடும் நிதியில்) போட்டேன். வட்டி ஏறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மருத்துவச் செலவு வந்தது. போட்டதைவிடக் குறைவாகத்தான் எடுக்க முடிந்தது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "அப்படியானால் பத்திரமே வேண்டாம்" என்கிறார். நான் அதைச் சொல்லவில்லை. பணம் எப்போது தேவையோ, அதையொட்டி முதிரும் பத்திரமாகப் பார்த்து வாங்கியிருந்தால் எனக்கு அந்த அடி விழுந்திருக்காது.