கடவுளுக்கு எந்த விகுதி?

கடவுள் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு "இரண்டும் இல்லை" என்று தத்துவம் பேசிவிட்டுப் போகலாம். தமிழில் கதை எழுத உட்கார்ந்தால் அது நடக்காது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. இதில் ஒன்றைப் போடாமல் வாக்கியம் முடியாது.

தொல்காப்பியரே இதைத் தொட்டிருக்கிறார். தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை, உயர்திணைப் பாலுக்குரிய முடிபையே அது கொள்ளும் என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல். நம்மாழ்வார் "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியுமல்லன்" என்று மறுக்கும்போதும் ஆண்பால் விகுதியில்தான் மறுக்க முடிகிறது. ஆனால் அதே பாட்டில் "பேணுங்கால் பேணும் உருவாகும்" என்றும் சொல்லிவிடுகிறார். அன்பர் எந்த உருவை விரும்புகிறாரோ அந்த உரு. (பாட்டிலுள்ள "அலி" இன்று திருநங்கையரைப் புண்படுத்தும் வசை. மேற்கோளில் இருக்கட்டும், நம் நடையில் வேண்டாம்.)

இன்றைய கதைகள் பலவற்றில் கடவுள் "அது" ஆகிவிடுகிறார். கூடவே ஒரு பேரொளி, ஒரு அசரீரி. படிக்கிறவருக்குப் பேய் வந்தது போலத்தான் இருக்கும். "அவர்" என்று எழுதினால் பால் மறையும், ஆனால் நெருக்கமும் போய்விடும். மாரியம்மன் முன்னால் நின்று "உனக்குக் கண்ணில்லையா" என்று சண்டை போடுகிறவள் அம்மனை "அவர்" என்று சொல்லவே மாட்டாள். முருகனை "அவன்" என்பதும் உரிமைதான். கதைசொல்லி எதைப் போட்டாலும் சரி, பாத்திரங்களின் வாயில் அவர்கள் புழங்கும் விகுதியே வரவேண்டும்.

இரு பாலையும் ஓருருவில் காட்ட மாணிக்கவாசகரிடம் கற்கலாம். சிவன் பாதி, உமை பாதியான கோலத்தைத் திருவாசகத்தின் திருக்கோத்தும்பியில் "தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்" என்று தொடங்கி, வெண்ணீறு, பசுஞ்சாந்து, பைங்கிளி, சூலம், வளை என்று அடுக்குகிறார். அந்தப் பாட்டில் ஆண் என்ற சொல்லும் இல்லை, பெண் என்ற சொல்லும் இல்லை. அணிகலனும் கைப்பொருளுமே உடம்பைக் காட்டிவிடுகின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரி சிலைக்கும் வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. சிற்பி இரண்டையும் கலந்து மழுப்பவில்லை, நடுவில் பிரித்தே நிறுத்தினார். எழுத்திலும் கலந்து குழைத்தால் ஒன்றுமே தெரியாது.

திருச்சி மலைக்கோட்டைச் சிவனான தாயுமானவரின் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் வேறு. காவிரியில் வெள்ளம், மகளின் பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நிற்கிறாள், சிவன் தாயாக வந்து பார்த்துக்கொள்கிறார். இதில் "சிவன் பெண் வேடமிட்டு வந்தார்" என்று முதலிலேயே எழுதினால் கதை போச்சு. நிஜத் தாய் வெள்ளம் வடிந்து வாசலில் வந்து நிற்கும்வரை "அம்மா வந்தாள், வெந்நீர் வைத்தாள், பிள்ளையை ஏந்தினாள்" என்றே போகவேண்டும். மகள் சந்தேகப்படவில்லை, வாசகரும் படக்கூடாது. பிரசவம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, உடனிருந்தவளை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.