பத்மநாபனும் எங்கள் செவ்வாய்ப்பேட்டை அப்பாக்களும்

‘வியட்நாம் வீடு’ படம் பற்றிய உங்கள் கட்டுரை, ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் மதிப்பிழந்ததற்கான முழுப் பழியையும் மூத்த மகன் தலையில் போடுகிறது. ஸ்ரீகாந்த் நடித்த அந்த மகன் மேல் எனக்கும் ஆத்திரம் வரும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 1970-இல் வந்த இந்தப் படம் அதோடு நிற்கவில்லை. சம்பளம் வந்தவரை, சிவாஜி நடித்த அப்பா பிரெஸ்டிஜ் பத்மநாபன் சொன்னதுதான் வீட்டில் சட்டம். ஓய்வு பெற்றதும் அதே குரல் யார் காதிலும் ஏறவில்லை. பத்மினி நடித்த மனைவி சாவித்திரி மட்டும் அவரை விட்டுக்கொடுக்கவே மாட்டார். மேடை நாடகமாகவும் சிவாஜி நடித்த கதை இது. அந்தப் பழக்கம் ஒவ்வொரு அசைவிலும் தெரியும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து, பற்றவைத்துப் பற்றவைத்தே கண் மங்கிப்போன அப்பாக்களை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மகன் கேட்டான் என்று வீட்டைத் தான செட்டில்மென்டாக, அதாவது பணம் வாங்காமல் அவன் பெயருக்கே மாற்றும் பத்திரமாக, எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கட்டில் திண்ணைக்கு வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாத்திரை தீர்ந்தால்கூட மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, காலி அட்டையை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் காத்திருப்பார். பார்க்கவே வயிறு எரியும்.

2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, மகன் கைவிட்டால் ரத்து செய்யலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். எழுதும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அடுத்த கட்டுரையில் இதையும் நாலு வரி எழுதுங்கள் ஐயா.